கண்ணுக்குள் இருக்கும் கூழ் நீர்த்துப்போகும்போது விழித்திரைக்கு என்ன நேர்கிறது?

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தைக்கு அப்போது 62 வயது. பொங்கலுக்காகப் புதிதாக வெள்ளையடித்திருந்த கொல்லைச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், சுவரில் ஒட்டடை தொங்குவதாக நினைத்துக் கம்பை எடுத்துக்கொண்டு போனார். எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை. அவர் கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் அதுவும் ஓடியது. கண் நின்ற பிறகும் சற்று மிதந்து போய், அதன் பிறகுதான் நின்றது. அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபோது இடக்கண்ணின் வெளி ஓரத்தில் மின்னல் வெட்டியதுபோல ஒரு கீற்று தெரிந்தது. மழைக்காலம் முடிந்துவிட்டதே, இப்போது ஏது மின்னல் என்று எழுந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். பித்தமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார்; கண்புரை முற்றுகிறது என்று இன்னொருவர் சொன்னார்; மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இப்படியே ஐந்து நாள் போய்விட்டது. கண் பரிசோதனை வேலையில் இருக்கும் எனக்கு அவர் தொலைபேசியில் பேசியது ஆறாம் நாள்தான்.

அந்த ஒட்டடையும் அந்த மின்னலும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. நம் கண் முன்னும் பின்னுமாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உருண்டை. அதன் முன்பக்கத்தில் லென்ஸும், பின்சுவரின் உட்புறத்தில் ஒளியை உணரும் விழித்திரையும் இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள பெரிய அறையை நிரப்பியிருப்பது விட்ரியஸ் எனப்படும் நிறமற்ற கூழ். அதன் அளவு சுமார் 4 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. இளநுங்கைத் தோலுரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் தெளிவையும் தளதளப்பையும் தனியாக விளக்க வேண்டியதில்லை. அதில் 98 விழுக்காட்டுக்கும் மேல் வெறும் நீர்தான். எஞ்சிய மிகச் சிறு பங்கில் இரண்டு பொருள்கள் முக்கியமானவை: ஒன்று, கொலாஜன் எனும் மெல்லிய புரத இழைகள்; மற்றொன்று, அந்த இழைகளுக்கு இடையில் நீரைப் பிடித்துவைத்து அவை ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் விலக்கிவைக்கும் ஹயலுரானிக் அமிலம். இன்று முகப்பூச்சுக் குப்பிகளிலும் மூட்டுவலி ஊசிகளிலும் பெயர் காணப்படும் அதே ஹயலுரானிக் அமிலந்தான். 1934ஆம் ஆண்டில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தது மாட்டுக் கண்ணின் விட்ரியஸிலிருந்து என்பது பலருக்குத் தெரியாது.

இழைகள் சீராக விலகி நிற்கும்வரை ஒளி தடையின்றி ஊடுருவிச் செல்லும். வயது ஏறும்போது இந்த ஏற்பாடு தளர்கிறது. கொலாஜன் இழைகள் ஒன்றையொன்று நெருங்கிக் கற்றையாகச் சேர, அவை பிடித்துவைத்திருந்த நீர் தனியே பிரிந்து ஆங்காங்கே குட்டைகளாகத் தேங்குகிறது. இதை நம் வீட்டுச் சமையலறையிலேயே பார்க்கலாம். சட்டியில் நன்றாகத் தோய்ந்த தயிரை ஒரு நாள் விட்டுவைத்தால், அது இறுகிச் சுருங்கி, சட்டியின் சுவரை விட்டு விலகி நிற்கும். விலகிய இடைவெளியில் வெளிறிய நீர் நிற்கும். தயிர் தண்ணீர் விட்டுவிட்டது என்கிறோம். கூழ்மமாக உள்ள ஒரு பொருள் இப்படிச் சுருங்கி நீரை வெளியேற்றுவதற்கு வேதியியலில் சினெரிசிஸ் என்று பெயர். கண் மருத்துவர்களும் விட்ரியஸில் நடப்பதை அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். ஆகவே இது வெறும் உவமை அன்று. நடப்பது ஒரே வகையான நிகழ்வு.

இது முதுமையில் திடீரென்று தொடங்குவதன்று. பதின்ம வயது முடியும்போதே விட்ரியஸில் ஏறக்குறைய 20 விழுக்காடு நீர்த்துவிட்டிருக்கும். 80 வயதைக் கடந்தவர்களுக்குப் பாதிக்கு மேல் நீராகிவிட்டிருக்கும். இவ்வளவு காலமாக நடந்துவந்தும் நாம் எதையும் உணராததற்குக் காரணம், நீர்த்துப்போவது கூழின் நடுப்பகுதியில் நடக்கிறது என்பதே. விழித்திரைக்கு அது தெரியவரும் நாள் வேறு.

அந்த நாளைப் புரிந்துகொள்ள, விட்ரியஸ் விழித்திரையோடு எப்படி ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கூழின் வெளிப்புறத்தை ஒரு மெல்லிய உறை சூழ்ந்திருக்கிறது. அந்த உறை விழித்திரை முழுவதையும் தொட்டுக்கொண்டிருந்தாலும் எல்லா இடத்திலும் ஒரே உறுதியோடு ஒட்டியிருப்பதில்லை. விழித்திரையின் முன்விளிம்பை ஒட்டிய வளையத்தில் பிடிப்பு மிக வலுவானது. அந்த இடத்தில் அது வாழ்நாள் முழுதும் விடுவதே இல்லை. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டத்தின் விளிம்பிலும், கூர்மையான பார்வைக்கு உரிய மாக்குலா எனும் மஞ்சள் புள்ளியிலும், பெரிய இரத்தக் குழாய்களின் ஓரங்களிலும் பிடிப்பு ஓரளவு உறுதியானது. மற்ற இடங்களில் இலேசான தொடுதல்தான். கூழ் சுருங்கச் சுருங்க, இலேசாக ஒட்டிய இடங்கள் முதலில் விடுபடும்; நீர்த்த பகுதி அந்த இடைவெளிக்குள் பாயும்; கடைசியில் பின்புற உறை முழுவதும் விழித்திரையிலிருந்து கழன்று முன்னோக்கி வந்துவிடும். பின்புற விட்ரியஸ் விலகல் என்பது இதுதான். மருத்துவமனைச் சீட்டில் பிவிடி என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலோருக்கு 50 வயதுக்கும் 70 வயதுக்கும் இடையில் இது நடந்துவிடுகிறது. நரை விழுவதைப் போல இயல்பான மாற்றம் இது. இதையே நோயாக எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

பூச்சி பறப்பதுபோலத் தெரிவது எதனால் என்ற கேள்விக்கு இப்போது விடை கிடைக்கும். கற்றையாகச் சேர்ந்த இழைகள் ஒளியை மறைத்து விழித்திரையின் மேல் நிழல் வீழ்த்துகின்றன. நாம் பார்ப்பது அந்த நிழலை. வெள்ளைச் சுவர், நீல வானம், தண்ணீர் கட்டி நிறுத்திய நடவு வயலின் பளபளப்பு போன்ற வெளிச்சமான பின்னணியில் அது எடுப்பாகத் தெரியும். உறை பார்வை நரம்பின் விளிம்பிலிருந்து கழன்ற இடத்தில் ஒரு வளையம் உறையோடு வந்துவிடுவதுண்டு. சிலர் அதைக் கொசுவர்த்திச் சுருளின் துண்டு என்றும், சிலர் உடைந்த வளையல் என்றும் வருணிப்பார்கள். இந்த நிழல்களைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. சில மாதங்களில் அவை பார்வைக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், மூளையும் அவற்றைப் பொருட்படுத்தாமல் விடப் பழகிக்கொள்ளும். நம் ஊரில் பசி மயக்கத்தையும் கண்ணில் பூச்சி பறக்கிறது என்றே சொல்வதால், இரண்டும் ஒன்று என்று எண்ணிச் சோறு சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று இருந்துவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். பசியில் வருவது இரு கண்ணிலும் வந்து, சற்று நேரத்தில் மறைந்துவிடும். இது ஒரு கண்ணில் மட்டும் வந்து, அங்கேயே தங்கும்.

மின்னலுக்குக் காரணம் வேறு. விழித்திரைக்கு வலி தெரியாது. அதைத் தொட்டாலும் இழுத்தாலும் அதற்குத் தெரிந்த ஒரே மொழி ஒளி. உறை கழலும்போது, உறுதியாக ஒட்டிய ஓர் இடத்தில் விழித்திரையைப் பிடித்து இழுத்தால், அங்குள்ள உயிரணுக்கள் ஒளி பட்டதைப் போலவே மூளைக்குச் செய்தி அனுப்பும். இருட்டில் கண்ணை விரைவாகத் திருப்பும்போது கூழ் குலுங்கி இழுப்பு கூடுவதால்தான் என் அத்தைக்குப் படுக்கையில் அது தெரிந்தது. ஆகவே நிழல் என்பது கூழ் மாறியிருப்பதற்கு அடையாளம். மின்னல் என்பது விழித்திரை இழுபடுவதற்கு அடையாளம். இந்த வேறுபாட்டைத்தான் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் பரிசோதனை அறைக்கு வரும் பலர் பூச்சியைப் பற்றி நீளமாகப் பேசுவார்கள். மின்னலைப் பற்றி நாங்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

பெரும்பாலோருக்கு இழுப்பு சில வாரங்களில் நின்று, உறை சேதமின்றிக் கழன்றுவிடுகிறது. ஆனால் திடீரென நிழலோ மின்னலோ தோன்றி மருத்துவரிடம் வருபவர்களில் 100 பேருக்கு 10 முதல் 15 பேருக்கு விழித்திரையில் கிழிசல் கண்டுபிடிக்கப்படுகிறது. கால் மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள அந்தத் திரை, உறை விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் இடத்தில் குதிரை லாடத்தின் வடிவில் கிழிந்து, கிழிந்த நுனி உறையோடு சேர்ந்து மேலெழுந்து நிற்கும். கிழியும்போது இரத்தக் குழாய் ஒன்றும் அறுபட்டால் கண்ணுக்குள் இரத்தம் கசியும். அப்போது ஒன்றிரண்டு நூல்களுக்குப் பதிலாகக் கரித்தூளை ஊதிவிட்டதுபோல எண்ணற்ற கரும்புள்ளிகள் ஒரே நேரத்தில் தோன்றும். இந்த அடையாளம் மிகத் தீவிரமானது.

கிழிசல் ஏன் ஆபத்தானது என்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்க நான் எப்போதும் நண்டு வளையைத்தான் சொல்வேன். வரப்பில் நண்டு துளைத்த ஒரு விரல் அகல வளைதான். ஆனால் வயலில் தண்ணீர் நிற்கும்போது அது அந்த வழியே நுழைந்து, மண்ணை உள்ளிருந்து கரைத்து, விடியும்போது வரப்பையே சாய்த்துவிடும். வயலில் நிற்பது கெட்டிச் சேறாக இருந்தால் வளை வழியே எதுவும் போகாது. தண்ணீராக இருப்பதால்தான் போகிறது. கண்ணிலும் அப்படியே. இளம் வயதின் கெட்டியான கூழ் ஒரு கிழிசலுக்குள் புக முடியாது. நீர்த்துப்போன விட்ரியஸ் எளிதில் புகுந்து, விழித்திரைக்கும் அதன் பின்னால் உள்ள அடுக்குக்கும் நடுவில் பாய்ந்து, திரையைச் சுவரிலிருந்து உரித்துவிடும். விழித்திரை விலகல் என்று சொல்லப்படுவது இதுதான். ஒளியை உணரும் உயிரணுக்களுக்கு உயிர்வளியும் ஊட்டமும் பின்சுவரின் இரத்தக் குழாய்ப் படலத்திலிருந்தே வருவதால், சுவரை விட்டு விலகிய பகுதி பட்டினி கிடந்து செயலிழக்கத் தொடங்கும். நிழலோடும் மின்னலோடும் வந்த லாட வடிவக் கிழிசலை அப்படியே விட்டுவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழித்திரை விலகிவிடுகிறது.

விலகல் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: ஓரத்திலிருந்து ஒரு திரைச்சீலை இழுத்து மூடுவதுபோல இருக்கிறது என்று. கண்ணில் பிம்பம் தலைகீழாக விழுவதால், விழித்திரையின் மேற்பகுதி விலகினால் அந்தத் திரைச்சீலை கீழிருந்து எழும்பும். கீழ்ப்பகுதி விலகினால் மேலிருந்து இறங்கும். மேற்பகுதி விலகல் புவியீர்ப்பின் காரணமாக விரைவாகப் பரவும் என்பதால் கீழிருந்து எழும் நிழலைக் கண்டவர் இன்னும் அவசரமாகப் புறப்பட வேண்டும். மஞ்சள் புள்ளி ஒட்டியிருக்கும்போதே அறுவை நடந்தால் படிக்கும் பார்வை பெரும்பாலும் காக்கப்படும். அது விலகிய பின் என்றால், திரையை மீண்டும் ஒட்டவைத்தாலும் பழைய கூர்மை முழுதாகத் திரும்புவது அரிது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடும். இரு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு வயலுக்கும் கடைத்தெருவுக்கும் போய்வரும் ஒருவருக்கு, ஒரு கண்ணில் கால்பங்கு பார்வை போயிருப்பதே தெரியாமல் இருக்கலாம். நாற்று நடவும் அறுவடையும் நெருங்கும் மாதங்களில் இந்த வேலை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு வருபவர்களிடம், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தீர்களா என்று கேட்டால், இல்லை என்பார்கள். அப்போதே பொத்திப் பார்த்துத் திடுக்கிடுவார்கள்.

கிழிசல் இருக்கிறதா என்பதை நிழலின் வடிவத்தையோ எண்ணிக்கையையோ வைத்து வீட்டில் தீர்மானிக்க முடியாது. கண்ணாடிப் பவர் பார்க்கும் சோதனையிலும் தெரியாது. சொட்டு மருந்திட்டுக் கண்பாவையை விரியவைத்து, தலையில் பொருத்திய விளக்குக் கருவியால் விழித்திரையின் கடைசி விளிம்புவரை சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். மருந்து வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்து மங்கும். ஆகையால் வேதாரண்யத்திலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ வருபவர் தானே இரு சக்கர வண்டி ஓட்டி வராமல் துணைக்கு ஒருவரை அழைத்துவருவது நல்லது. இரத்தம் கசிந்து உள்ளே தெரியாதபோது அல்ட்ராசவுண்டு ஸ்கேன் உதவும்.

உயிருள்ள கண்ணின் பின்சுவரைப் பார்ப்பது எவ்வளவு புதிய வசதி என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தின் நினைவு வரும். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண்நோயாளிகளின் குறிப்புகளும், அவர்களின் கண்களை வரைந்த வண்ண ஓவியங்களும் அங்கே இருக்கின்றன. அவ்வளவு கவனமாகப் பதிவு செய்தவர்களுக்கும் கண்பாவைக்கு அப்பால் கறுப்புதான் தெரிந்திருக்கும். கண்ணுக்குள் நோக்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்டது 1851ஆம் ஆண்டில்தான். கருவி வந்த பின்னும் கிழிசலுக்கும் விலகலுக்கும் உள்ள தொடர்பு பல பத்தாண்டுகள் தெளிவாகாமல் இருந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனின் என்ற மருத்துவர், கிழிசலைக் கண்டுபிடித்து அடைத்தால் திரை மீண்டும் ஒட்டும் என்று 1920களில் செய்து காட்டும்வரை, விழித்திரை விலகல் என்றால் பார்வை போனதாகவே கருதினார்கள்.

இன்று, திரை விலகுவதற்கு முன்பே கிழிசல் கண்டுபிடிக்கப்பட்டால் வேலை எளிது. நண்டு வளையைச் சுற்றிச் சேற்றை அப்பி அண்டை போடுவதைப்போல, கிழிசலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசையாக லேசரால் சிறு சூடுகள் வைப்பார்கள். கிழிசல் தைக்கப்படுவதில்லை, அதைச் சுற்றியுள்ள திரை தழும்பாகிச் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் நீர் அதற்கு அப்பால் பரவ வழியில்லாமல் போகிறது. மரத்துப்போகும் சொட்டு மருந்து போதும். சில நிமிடங்களில் முடிந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். தழும்பு உறுதிப்பட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். திரை விலகிவிட்டால் அறுவைதான் வழி. 1970களின் தொடக்கத்தில் ராபர்ட் மேக்கமர் உருவாக்கிய முறையில் விட்ரியஸையே நுண்கருவியால் வெட்டி உறிஞ்சி எடுத்துவிட்டு, திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுவை நிரப்புவார்கள். வாயு கரையும்வரை மருத்துவர் சொல்லும் நிலையில், பெரும்பாலும் குனிந்தோ ஒருக்களித்தோ, தலையை வைத்திருக்க வேண்டும். விமானத்தில் ஏறக்கூடாது, நம் சமவெளியை விட்டு ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைகளுக்கும் போகக்கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைய, கண்ணுக்குள் இருக்கும் வாயு விரிந்து அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.

கிழிக்காமலே தொல்லை தரும் இழுப்பும் உண்டு. உறை மற்ற இடங்களில் கழன்று மஞ்சள் புள்ளியில் மட்டும் விடாமல் பிடித்திருந்தால் அந்த இடம் கூடாரம்போலத் தூக்கப்படும். சிலருக்கு நடுவில் துளையே விழும். வாசலில் போட்ட புள்ளிக் கோலத்தை ஒரு கண்ணால் பார்க்கும்போது நேரான வரிசை வளைந்து தெரிந்தாலோ, எழுத்தின் நடுப்பகுதி விழுங்கப்பட்டாலோ இதைச் சந்தேகிக்கலாம்.

இந்த மாற்றங்கள் சிலருக்கு முந்தி வரும். கிட்டப்பார்வைக்காகக் கூடுதல் மைனஸ் பவர் அணிபவர்களின் கண் நீண்டும் விழித்திரை மெலிந்தும் இருப்பதால் விட்ரியஸ் விலகல் சில ஆண்டுகள் முன்பே நடக்கும். கிழிசலுக்கான வாய்ப்பும் மிகுதி. கண்ணில் அடிபட்டவர்களுக்கும் அப்படியே. கண்புரை அறுவையில் தடித்த லென்ஸை எடுத்துவிட்டு மெல்லிய செயற்கை லென்ஸை வைக்கும்போது விட்ரியஸ் முன்னோக்கி நகர இடம் கிடைக்கிறது. ஆகவே அறுவைக்குப் பின் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ மின்னல் தெரிந்தால், வைத்த லென்ஸ் நகர்ந்துவிட்டது என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். நீரிழிவு நெடுநாள் இருப்பவர்களிடம் நிலைமை வேறு: விழித்திரையில் முளைக்கும் புதிய, வலுவற்ற இரத்தக் குழாய்கள் விட்ரியஸின் உறையைப் பந்தல்போலப் பற்றிப் படர்வதால், உறை சுருங்கும்போது அவை அறுந்து இரத்தம் கசியும், சில வேளை கிழிசலே இல்லாமல் திரை இழுபட்டு விலகும்.

தொலைபேசியில் பேசிய மறுநாள் அத்தையைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனேன். இடக்கண்ணின் மேற்புற வெளி ஓரத்தில் சிறிய லாட வடிவக் கிழிசல் இருந்தது. திரை இன்னும் விலகியிருக்கவில்லை. அன்றே லேசர் வைத்தார்கள். உறை முழுதாகக் கழலச் சில வாரங்கள் பிடிக்கும், அதற்குள் புதிய கிழிசல் விழக்கூடும் என்பதால் நான்கு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். ஒரு கண்ணில் நடந்தது ஓரிரு ஆண்டுகளுக்குள் மறு கண்ணிலும் நடப்பது வழக்கம் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டவர், அன்றிலிருந்து காலையில் காபி குடிக்கும்போது ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு அந்தக் கொல்லைச் சுவரைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்து வலக்கண்ணில் அதே நூல் தோன்றியது. எனக்கு அவர் பேசியபோது தஞ்சாவூர்ப் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்; பாபநாசம் தாண்டிவிட்டதாகச் சொன்னார். அந்தக் கண்ணில் கிழிசல் எதுவும் இல்லை. நான்கு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினார்கள்.